வாசக்காலுக்கு மரம் வேண்டுமா, வேண்டாமா?

கே.ஆர். புரத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டது இது: "வாசக்கால், கதவு, ஜன்னல் எல்லாம் மரத்தில் போடணும்னு எனக்கு ஆசை. காடு அழியுது, மரமே வேண்டாம்பா, அலுமினியம் போடுங்கன்னு காலேஜ்ல படிக்கிற மகள் பிடிவாதமா நிக்கிறா. மல்லேஸ்வரத்துல மர ஆராய்ச்சி நிறுவனம்னு ஒரு போர்டு பார்த்திருக்கேன். மரத்தை எப்படிப் பயன்படுத்தலாம்னு ஆராய்ச்சி பண்றது காட்டைக் காப்பாத்துமா, இல்ல இன்னும் சீக்கிரமா காலி பண்ணுமா?"

இதே பெங்களூரில் மரங்களைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டுமே நடந்திருக்கிறது. வெட்டிய மரத்தை நீண்ட நாள் உழைக்க வைக்க வழி கண்டுபிடித்தபோதெல்லாம் காட்டின் மேல் இருந்த பாரம் குறைந்தது. காட்டிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை, அங்கே வாழ்கிறவர்களைக் கேட்காமல் மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்தபோது கணக்கு தப்பியது. உங்கள் மகளின் கவலை முழுக்க நியாயமானது. அது மரத்தை ஒதுக்கிவிட்டால் தீர்ந்துவிடுகிற கவலை இல்லை என்பதைத்தான் விளக்கப் பார்க்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், தர்மபுரிக்காரரான ஆசாரி ஒருவர் பாலித்தீன் கவரில் சுற்றிய கையகலக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். வாசக்கால் பொருத்தி இரண்டே வாரம்தான் ஆகியிருந்தது. மேல்சட்டம் முறுக்கிக்கொண்டது, ஓரத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. வேலை சரியில்லை என்று வீட்டுக்காரர் கூலியைப் பிடித்து வைத்துவிட்டார். "சார், உளி வச்சாலே தெரியும் பச்சையா காஞ்சதான்னு. சொன்னேன், கேக்கல. நீங்க நம்பரா எழுதிக் குடுங்க" என்றார். அதே மரத்தில் மீந்த துண்டை, ஈரம் போகாமல் இருக்கக் கவரில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அந்தச் சமயோசிதம் எனக்கு இன்றும் வியப்பு.

அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை அறுத்து எடை போட்டோம். 48.6 கிராம். அதை 103 டிகிரி வெப்பமுள்ள ஓவனில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்து, இனி எடை இறங்காது என்ற நிலை வரும்வரை விட்டோம். மறுநாள் 38.0 கிராமில் நின்றது. போன தண்ணீர் 10.6 கிராம். அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் கிட்டத்தட்ட 28 சதவீதம். பெங்களூரில் வீட்டுக்குள் பொருத்துகிற மரத்தில் 10 முதல் 12 சதவீத ஈரம்தான் இருக்க வேண்டும். ஆசாரி சொன்னது அப்படியே சரி. மரம் பச்சை.

மரத்துக்குள் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, நுண்குழல்களின் உள்ளே ததும்பி நிற்பது. இன்னொன்று, குழல்களின் சுவரிலேயே ஊறிக் கிடப்பது. முதலாவது வடியும்போது எடைதான் குறையும், அளவு மாறாது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர் காயத் தொடங்கும், கட்டை சுருங்கத் தொடங்கும். அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. நீளவாட்டில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. ஆனால் வளையங்களை ஒட்டிப் போகும் திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகை ஓடு மாதிரி வளைவதும் சட்டம் முறுக்குவதும் இதனால்தான். அந்த ஆசாரியின் சட்டம் பொருத்தப்பட்ட அன்று அப்போதுதான் சுருங்கத் தொடங்கும் நிலையில் இருந்தது. கிட்டத்தட்ட முழுச் சுருக்கமும் வீட்டுச் சுவரில் பொருத்திய பிறகு நடந்தது.

இதில் காடு எங்கே வருகிறது என்று கேட்கலாம். அந்த வாசக்காலைப் பெயர்த்துவிட்டு வேறு போட்டார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு வாசக்கால் மரம். காரைக்குடிப் பக்கம் பர்மா தேக்குக் கதவுகள் நூறு வருடம் தாண்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வைரம் பாய்ந்த முதிர்ந்த மரம் என்பது ஒரு காரணம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் பர்மாவில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிக்கட்டையையும் வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருடம் காயவிட்டு, அப்புறம்தான் சாய்த்து ஆற்றில் விடுவார்கள். செட்டிநாட்டு உளி அதில் படும்போது அது காய்ந்து அடங்கிய மரம்.

ரயில் பாதை வந்த காலத்தில் இதே விஷயம் நாடு முழுவதும் பெரிய அளவில் நடந்தது. ஒரு மைல் தண்டவாளத்துக்குச் சுமார் 1,700 முதல் 2,000 மரச்சட்டங்கள் தேவைப்பட்டன. தேக்கு, சால், தேவதாரு தாங்கும். மற்ற மரங்களைக் கரையானும் பூஞ்சையும் சில வருடங்களில் தின்றுவிடும், மறுபடி வெட்ட வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் என்ற நம் நாட்டு ஆராய்ச்சியாளர் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து ஒரு பாதுகாப்புக் கலவை கண்டுபிடித்தார். மரத்துக்குள் ஏறிய பிறகு மழையில் கரைந்து வெளியே வராது என்பது அதன் சிறப்பு. உலகம் முழுக்க மின்கம்பங்களுக்கும் வேலிகளுக்கும் பல பத்தாண்டுகள் அதைத்தான் ஏற்றினார்கள். ஆர்சனிக் இருப்பதால் 2003-க்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரிதான். ஆனால் மட்டமான மரம் என்று ஒதுக்கப்பட்டதை நீண்ட நாள் உழைக்க வைக்கலாம் என்று காட்டியவர் பெயர் நம் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ரப்பர் மரமும் அப்படி மீண்டதுதான். இருபத்தைந்து முப்பது வருடம் பால் வெட்டிய பிறகு தோட்டத்தைப் புதுப்பிக்க அதை எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போகும், ஏனென்றால் அதில் மாவுச்சத்து அதிகம், சில வாரங்களிலேயே வண்டு துளைத்து உளுத்துவிடும். அறுத்த உடனே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் உள்ளே ஏற்றிவிட்டால் அது நல்ல மேஜை மரம். இதற்காகக் காட்டில் ஒரு மரத்தைக்கூடத் தொடவில்லை.

நீங்கள் பார்த்த மல்லேஸ்வரம் நிறுவனத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. மைசூர் அரசு 1938-இல் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது அது. 1956-இல் மத்திய அரசிடம் போனது. 1988-இல் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் என்று ஆனது. எந்த மரம் எது என்று நுண்ணோக்கியில் அடையாளம் காண்பது, காயவைப்பது, பூச்சியிலிருந்து காப்பது, சந்தன மரம் என்று பல வேலைகள் அங்கே. தும்கூர் சாலையில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்கென்று இன்னொரு ஆராய்ச்சி நிறுவனமும் தொடங்கப்பட்டது. மூங்கில் பாயைப் பிசினில் நனைத்து அழுத்தி, கூரைக்குப் போடும் நெளிதகடாக்கியது அவர்கள் வேலை.

சரி, உங்கள் மகளின் கேள்விக்கு வருவோம். இன்று பெங்களூர் மரக்கடையில் இருக்கும் மரம் எந்தக் காட்டிலிருந்து வருகிறது? பெரும்பாலும் காட்டிலிருந்தே வரவில்லை. கேரளத்தின் நிலம்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் மரங்கள் வெட்டப்படுவதைப் பொறுக்காமல் 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாட்டையே மாற்றியது. மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. வடகிழக்கின் ஒட்டுப்பலகை ஆலைகள் முடங்கின. தொழில் ஹரியானாவின் யமுனாநகருக்கும் கேரளத்தின் பெரும்பாவூருக்கும் நகர்ந்தது. அங்கே பாப்லர் மரம், இங்கே ரப்பர் மரம். இன்று மரக்கடையில் நீங்கள் பார்ப்பதில் குடகு, ஏற்காடு காபித் தோட்டத்து சில்வர் ஓக், விவசாயி வரப்பில் வளர்த்த மலைவேம்பு, தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டத் தேக்கு ஆகியவைதான் அதிகம். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆகவே யாராவது 'புதுசா வந்த பர்மா தேக்கு உருட்டு' என்று சொன்னால் காகிதம் கேளுங்கள்.

தோட்டத்து மரத்தில் ஒரு சிக்கல் உண்டு, இன்றைய ஆராய்ச்சி பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். எட்டு, பத்து வருடத்தில் வெட்டும் மரம் சிறுவன் மாதிரி, முழுக்க இளங்கட்டை. அதன் குழல் சுவரில் உள்ள நுண்ணிழைகள் நேராக நிற்காமல் சாய்ந்து சுற்றியிருக்கும். அதனால் முதிர்ந்த மரம் நீளவாட்டில் சுருங்காது என்று சொன்னேனே, அந்த விதி இதற்குப் பொருந்தாது. இது நீளத்திலும் சுருங்கி வளையும். வைரமும் குறைவு, கரையானுக்கு எளிது. இதை மெல்லிய தோலாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கு நெடுக்காக ஒட்டினால் ஒன்றின் அசைவை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். ஒட்டுப்பலகையின் தத்துவமே இதுதான். விவசாயியின் எட்டு வருட மலைவேம்பு அப்படித்தான் அலமாரி ஆகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல பக்கம். இனி, கணக்கு தப்பிய கதை. எனக்கு இது மனதுக்கு நெருக்கமானது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வட கன்னட மாவட்டத்தின் தாண்டேலியில் 1950-களில் ஒரு காகித ஆலை வந்தது. சுற்றியிருந்த காட்டு மூங்கில் டன்னுக்கு ஒன்றரை ரூபாய்க்கு அதற்குக் கொடுக்கப்பட்டது. மூங்கில் புல் இனம், வெட்ட வெட்ட முளைக்கும், என்றைக்கும் தீராது என்பது அன்றைய நம்பிக்கை. சில வருடங்களில் புதர்கள் புதுக்கழி விடாமல் சாகத் தொடங்கின. காட்டில் மூங்கில் எடுக்கும் கூடை முடைபவர்கள்தான் அளவுக்கு மீறி வெட்டிக் கெடுக்கிறார்கள் என்று பழி விழுந்தது.

1970-களின் நடுவில் இதை ஆராயும் வேலை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த சூழலியல் ஆய்வாளர் மாதவ் காட்கிலிடம் வந்தது. அவர் செய்த நல்ல காரியம், கூடை முடைபவர்களிடமே போய் உட்கார்ந்து கேட்டது. அவர்கள் சொன்ன விளக்கம் இது. முள்மூங்கில் புதரின் அடியைச் சுற்றி முள் கிளைகள் பின்னி வேலி மாதிரி நிற்கும். மழை விழுந்ததும் மண்ணைப் பிளந்துகொண்டு குருத்து வரும். அது கரும்பு மாதிரி இளசு, மாடும் குரங்கும் முள்ளம்பன்றியும் தேடித் தின்னும். முள் வேலிதான் அதற்குக் காவல். கூடை முடைபவர் மேலே எட்டும் இடத்தில் வெட்டுவார், முள்ளைத் தொடமாட்டார். ஆலைக்கு வெட்டுகிறவர்களோ உள்ளே புக வசதியாக, அடி முள்ளைச் சுத்தமாகக் கழித்துவிட்டு, கழியை அடியோடு வெட்டுவார்கள். முள்ளைக் கழித்தால் புதருக்குக் காற்றோட்டம் கிடைக்கும், நன்றாக வளரும் என்று வனத்துறையின் பாடமும் சொல்லிக்கொண்டிருந்தது. காட்கில் குழு களத்தில் அளந்து பார்த்தது. கூடை முடைபவர்கள் சொன்னது உண்மை. முள் கழித்த புதர்களில் குருத்துகள் மேயப்பட்டுப் போயின.

எத்தனை வருடத்துப் பாடம், எத்தனை டன் கணக்கு! எல்லாம் அந்த முள்ளில் தட்டி நின்றது. முள்ளின் வேலையைத் தெரிந்தவர்கள் மேல்தான் பழி. ஆலைக்கு அப்புறம் தூர மாநிலங்களிலிருந்து மூங்கில் வரவழைக்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலைகளுக்கு வனப் பொருள்களைச் சலுகை விலையில் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்று 1988 தேசிய வனக் கொள்கை எழுதியதற்குப் பின்னால் இப்படிப் பல அனுபவங்கள் இருக்கின்றன. மலிவாகக் கிடைக்கிற பொருளை யாரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதில்லை.

சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் பிலிகிரி ரங்கன் மலையில் இன்னொன்று நடந்தது. அங்கே வாழும் சோளகர் பழங்குடியினர் நெல்லிக்காய், தேன், பாசி சேகரிக்கிறார்கள். நெல்லி மரங்கள் குறைவதற்குக் காய் பறிப்பதே காரணம் என்று பேச்சு. சூழலியல் ஆய்வுக்கென்று 1996-இல் பெங்களூரில் தொடங்கிய அசோகா அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் அங்கே வருடக்கணக்கில் மரம் மரமாக எண்ணினார்கள். கிளையில் ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் புல்லுருவியும், கீழே அடர்ந்துவிட்ட உண்ணிச்செடியும் நெல்லியை நெருக்குவது தெரிந்தது. முன்பு கோடைத் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் மெதுவாகத் தீ வைப்போம், அதை 'தரகு பெங்கி' என்போம், அதை நிறுத்திய பிறகுதான் உண்ணிச்செடி இப்படி ஏறியது என்பது சோளகர் பெரியவர்கள் சொன்ன காரணம். அதுவும் ஆய்வில் இடம்பெற்றது. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி 2011-இல் அந்த மலையின் சோளகர் கிராமங்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. பக்கத்து மாதேஸ்வரன் மலையில் அதே உண்ணிச்செடியை வெட்டி, வேகவைத்துத் தோலுரித்து, நாற்காலி செய்கிறார்கள். பிரம்பு மாதிரி வளையும், பூச்சி தொடாது.

சந்தனத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போருக்கு முன் மைசூர்ச் சந்தனக் கட்டை ஜெர்மனிக்குப் போய்த்தான் எண்ணெய் ஆகும். போரில் அந்த வழி அடைபட, இந்திய அறிவியல் கழகத்தின் சட்பரோவும் வாட்சனும் 1916 வாக்கில் இங்கேயே எண்ணெய் வடித்தார்கள். ஆனால் சொந்த நிலத்தில் வளர்ந்தாலும் மரம் அரசுடையது என்ற சட்டம் இருந்தது. முளைத்தால் வம்பு என்று விவசாயியே கன்றைப் பிடுங்கிப் போட்டார். 2001-இல் கர்நாடகமும், 2002-இல் தமிழ்நாடும் மரம் நிலத்துக்காரருடையது என்று மாற்றின. அதற்குப் பிறகுதான் ஆய்வுக்கூடத்தின் நல்ல நாற்றுக்கு வயலில் இடம் கிடைத்தது.

இனி உங்கள் வீடு. மகளிடம் இதைச் சொல்லுங்கள்: தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரிக்க 13 முதல் 15 யூனிட் மின்சாரம் ஆகிறது. அந்தத் தாதுவும் பெரும்பாலும் காட்டு மலைகளின் உச்சியில்தான் கிடக்கிறது. ஒடிசாவின் நியம்கிரியில் சுரங்கம் வேண்டாம் என்று 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகள் தீர்மானம் போட்டது அந்தத் தாதுவுக்காகத்தான். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி, காற்றிலிருந்து மரம் எடுத்த கார்பன். கதவு நிற்கும்வரை அது கதவுக்குள்ளேயே இருக்கும். எல்லாவற்றையும் தேக்கில் போட அவசியமில்லை. தலைவாசலுக்கும் மழை படும் ஜன்னலுக்கும் மட்டும் தேக்கு போட்டால் போதும். உள் அறைகளுக்குப் பலா, வாகை, வேம்பு நன்றாக உழைக்கும். அலமாரிக்கு ஒட்டுப்பலகை, சமையலறை என்றால் கொதிநீர் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும் புதிய பிளேடும் எடுத்துப் போங்கள். சட்டத்தின் முனையை ஓர் அங்குலம் சுத்தமாகச் சீவிப் பாருங்கள். தேக்கு என்றால் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், அப்புறம் சின்னச் சின்னதாகச் சிதறிப் போகும். தோல் மாதிரி ஒரு மணமும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். வேங்கை என்று சொல்லி எதையாவது காட்டினால் இன்னும் எளிது. சீவிய சுருளில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடியுங்கள், சற்று நேரத்தில் தண்ணீர் நீலமாக ஒளிரும். ஈரம் பார்க்கும் சின்ன மீட்டரை ஆசாரியிடமோ கடையிலோ கேளுங்கள். மேற்பரப்பில் மட்டும் பார்க்காமல், ஒரு சட்டத்தை நடுவில் அறுக்கச் சொல்லி அந்தப் புது முகத்தில் வைத்துப் பாருங்கள்.

மரம் வந்ததும் உடனே பொருத்த விடாதீர்கள். கூரை போட்ட அறையில், தரையில் படாமல், ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் ஒரே கனமுள்ள ரீப்பர் வைத்து, ரீப்பர்கள் மேலும் கீழும் ஒரே நேராக வரும்படி அடுக்குங்கள். வாசக்காலின் அடிமுனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும் இடம், அதற்கு மெழுகோ பெயின்ட்டோ இரண்டு கோட் கட்டாயம். ஒவ்வொரு சட்டத்தின் முனையிலும் வந்த தேதியையும் அன்றைய ஈரத்தையும் சாக்பீஸால் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மீட்டரை மறுபடி வைத்து, 12-க்குக் கீழே வந்த சட்டத்தை மட்டும் ஆசாரியிடம் எடுத்துக் கொடுங்கள்.